ஆலிவர் ட்விஸ்டும் ரெட்டை முட்டையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க மக்களே. முழுக்கக் கொசுவத்தி இல்ல, நடுநடுவுல சரித்திரமும் வரும். ரெண்டையும் பிரிச்சு எழுதலாம்னு பார்த்தேன், முடியல.

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் திருவிடைமருதூர், கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் போற ரோட்டுல இருக்கு. மகாலிங்க சுவாமி கோயில் கூட்டத்துல என்கூடப் படிச்ச ஒருத்தனைப் பார்த்தேன். அவன் சொன்ன ஒரு விஷயம் ரெண்டு வாரமா மண்டையைக் குடையுது. அதைக் கடைசியில சொல்றேன். அது புரியணும்னா முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின ஒரு இங்கிலீஷ் வகுப்புக்கு நீங்களும் வரணும்.

எங்க பக்கத்துல இங்கிலீஷ்ங்கறது பாஸ்/ஃபெயில் சமாச்சாரம். இலக்கியம், உணர்ச்சி எல்லாம் அப்புறம்தான். 1835-ல மெக்காலே அறிக்கை குடுத்ததுலேர்ந்தே அப்படித்தான் ஆயிப்போச்சு. எங்களுக்குப் பத்து கிலோமீட்டர்ல இருக்கற கும்பகோணம் காலேஜுக்கு 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்'னு பேரு. 1904-ல ஸ்காலர்ஷிப்போட அங்க சேர்ந்த ஒரு பையன் கணக்கையே போட்டுக்கிட்டு உக்காந்திருந்து, இங்கிலீஷ்ல கோட்டை விட்டு, ஸ்காலர்ஷிப்பையும் இழந்தான். அவன் பேரு ராமானுஜன் :-) அவருக்கே அந்தக் கதின்னா நாங்கெல்லாம் எந்த மூலைக்கு?

1990-ல நான் ஒன்பதாவது. எங்க இங்கிலீஷ் சார் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அவருக்குப் பிடிக்காது. பாடப் புத்தகம் சீக்கிரம் முடிஞ்சுட்டா மிச்சப் பீரியடைப் பி.டி. மாஸ்டர்கிட்டத் தள்ளிவிடற வழக்கம் அவருக்குக் கிடையாது. லைப்ரரியிலேர்ந்து அட்டை கிழிஞ்ச ஒரு சன்னமான புத்தகத்தை எடுத்துட்டு வருவார். சிலபஸ்ல கிடையாது, பரீட்சைக்கும் வராது. அந்த வருஷம் வந்தது 'ஆலிவர் ட்விஸ்ட்', எளிய ஆங்கிலச் சுருக்கப் பதிப்பு.

இந்தச் சுருக்கப் பதிப்புக்கே ஒரு கதை உண்டு. மைக்கேல் வெஸ்ட்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியார், டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில இருந்தவர். வங்காளத்துப் பசங்க வருஷக்கணக்கா இங்கிலீஷ் படிச்சும் ஒரு கதைப் புத்தகத்தைத் தானா எடுத்துப் படிக்க முடியலையேன்னு பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் புதுசு புதுசா வார்த்தை வந்து விழுந்தா பையன் எங்கேர்ந்து படிப்பான்? 1926-ல இதைப் பத்திப் பெரிய அறிக்கையே எழுதினார். அப்புறம் வார்த்தைகளை எண்ணி, அடிக்கடி வர்றதை மட்டும் வச்சுக்கிட்டு, ராபின்சன் குரூசோ மாதிரி கதைகளைத் திருப்பி எழுதற வேலை லாங்மன்ஸ் மூலமா நடந்துச்சு. 1953-ல அவர் வெளியிட்ட வார்த்தைப் பட்டியல்ல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வார்த்தைதான். நம்ம ஊர் நான்-டீடெய்ல் புத்தகத்துக்கெல்லாம் அது ஒருவகையில தாத்தா.

அதுல என்ன குறைன்னா, கதை இருக்கும், குசும்பு இருக்காது. டிக்கன்ஸ் அந்த நாவல் முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நக்கல் அடிச்சிருப்பார். சுருக்கறப்ப முதல்ல வெட்டுப்படறது அந்த நக்கல்தான். எங்க சார் அதைத் தமிழ்ல நிரப்புவார்.

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1834-ல இங்கிலாந்துல ஏழைகளுக்கான சட்டத்தை மாத்தினாங்க. உதவி வேணும்னா 'ஒர்க்ஹவுஸ்'ங்கற விடுதிக்குள்ள வந்து அடைஞ்சு கெடக்கணும். அங்க வாழ்க்கை, வெளியில கூலிக்குப் போற பரம ஏழையோடதை விட மோசமா இருக்கணும், இல்லன்னா சோம்பேறிகள் வந்து சேர்ந்துடுவாங்கங்கறது கொள்கை. தெரியாம நடந்த கொடுமை இல்ல இது, யோசிச்சுச் செஞ்சது. மூணு வருஷம் கழிச்சு, 1837-ல டிக்கன்ஸ் இந்தக் கதையைப் பத்திரிகையில தொடரா எழுத ஆரம்பிச்சார். அப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயசு. அந்த விடுதியில தினம் மூணு வேளை தண்ணிக் கஞ்சி, வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு வெங்காயம், ஞாயித்துக்கிழமை அரை ரொட்டி. ஒருநாள் ஆலிவர் கிண்ணத்தோட எழுந்து போய் இன்னும் கொஞ்சம் வேணும்னு கேக்கறான். கரண்டியாலேயே தலையில ஒரு போடு. அவனை ஒரு அறையில தள்ளிப் பூட்டிட்டு, இவனைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அஞ்சு பவுண்டு தர்றோம்னு வாசல்ல நோட்டீஸ் ஒட்டறாங்க.

அந்தப் பக்கத்துக்கு வந்ததும் சார் புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டார். "கிண்ணம்னதும் நம்ம ஊர்ல யாருடா ஞாபகத்துக்கு வரணும்?"

திருவிடைமருதூர்ப் பசங்களுக்கு இது தெரியாம இருக்காது. கோயில் கீழ வாசல்ல பட்டினத்தார், மேல வாசல்ல பத்ரகிரியார். ராஜாவா இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர் பத்ரகிரியார். அவர்கிட்ட மிச்சம் இருந்தது பிச்சை வாங்கற ஓடும், ஒட்டிக்கிட்ட ஒரு நாயும்தான். பட்டினத்தார்கிட்ட ஒருத்தர் சோறு கேட்டு வர்றார். 'நான் ஆண்டி, என்கிட்ட ஒண்ணுமில்ல. மேல வாசல்ல ஒரு சம்சாரி இருக்கான், அங்க போய்க் கேளு'ங்கறார் பட்டினத்தார். ஓட்டையும் நாயையும் வச்சிருக்கறதால சம்சாரியாம்! அது காதுல விழுந்ததும் பத்ரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிய, அது நாய் மேல பட்டு ஓடும் உடைஞ்சுது, நாயும் செத்துது. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச கதை இது.

சார் கேட்டது இதுதான்: "கதை கேட்டவன் எல்லாம் பத்ரகிரியாரைப் பத்திப் பேசறான், பட்டினத்தாரைப் பத்திப் பேசறான். சோறு கேட்டு வந்தவருக்குச் சோறு கிடைச்சுதான்னு எவனாவது கேட்டீங்களாடா?"

வகுப்பு முழிச்சுது. வந்தவர் சிவபெருமான் சார்னு முன் பெஞ்ச் ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு. "சிவன்னு தெரியறதுக்கு முன்னாடிடா" என்றார்.

அடுத்த கேள்வி. "ஆலிவர் ஏன் கேட்டான்?"

"பசி சார்!" மொத்த வகுப்பும்.

"எல்லாருக்கும்தான் பசி. இவன் மட்டும் ஏன் எழுந்தான்?"

யாருக்கும் தெரியல. சார் சொன்னார். அங்க ஒசரமான ஒரு பையன் இருந்தான். இன்னொரு கிண்ணம் கஞ்சி கிடைக்கலன்னா ராத்திரி பக்கத்துல படுத்திருக்கறவனைத் தின்னுடுவேன்னு பயமுறுத்தி வச்சிருந்தான். பசங்க கூடி சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க, யார் போய்க் கேக்கறதுன்னு. சீட்டு ஆலிவருக்கு விழுந்துச்சு. "அவனா துணிஞ்சு போகல. எல்லாருக்காகவும் அனுப்பப்பட்டவன். அடி மட்டும் அவனுக்கு. ஒருத்தன் கேக்கறான்னா ஏன் கேக்கறான்னு கேக்கணும்டா. நாமளா முடிவு பண்ணிக்கக் கூடாது."

இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப எங்க வகுப்பு விவகாரத்துக்கு வரேன். சத்துணவு பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1920-லயே பிட்டி தியாகராயர் காலத்துல மெட்ராஸ் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு போட்டுச்சு. 1956-ல காமராஜர் ஆரம்பிச்ச மதிய உணவு, 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆரோட சத்துணவு. முதல்ல சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும்தான், 1984-ல பதினஞ்சு வயசு வரைக்கும் நீட்டினாங்க. 1989-ல கலைஞர் ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்துச்சு. அப்புறம் அது வாரத்துக்கு ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஏறுனதும், 2022-ல காலைச் சாப்பாடும் சேர்ந்ததும் பின்னாடி நடந்தது. எங்க காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான். முட்டை நாள்னா திருவிழா மாதிரி.

நான் அந்த வரிசையில நின்னதில்ல. எவர்சில்வர் டப்பாவுல தயிர்சாதம், ஓரத்துல நார்த்தங்காய். டப்பா கோஷ்டி வேப்ப மரத்தடியில, தட்டுக் கோஷ்டி சமையல் கொட்டகை பக்கத்துல. யாரும் கோடு போடல, ஆனா கோடு இருந்துச்சு. எந்தத் தெருப் பையன் எந்தப் பக்கம்னு சொல்லணுமா என்ன, உங்களுக்கே புரியும்.

ஒரு முட்டை நாள்ல எங்க வகுப்புப் பையன் ஒருத்தன் வாங்கிட்டுப் போனவன், திரும்ப வரிசைக்கு வந்து ஆயாம்மாகிட்ட என்னமோ கேட்டான். அந்தம்மா கரண்டியை ஆட்டி விரட்டிவிட்டாங்க. தண்ணி பிடிக்கப் போன நான் அதைப் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். 'டேய், ரெட்டை முட்டை!'ன்னு கத்தினேன். சாயந்திரத்துக்குள்ள பள்ளிக்கூடம் முழுக்க அவனுக்கு அதுதான் பேரு. வச்சவன் நான். இத்தனை வருஷத்துல இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்பத்தான் எழுதறேன்.

ஆலிவர் பாடம் நடந்தது அதுக்கு ஒரு மாசம் கழிச்சு. சாருக்கு அந்தப் பேரு தெரியும், அவர் காதுபடவே கூப்பிட்டிருக்கோம். அன்னிக்கு அவர் அவன் பேரை எடுக்கல, முட்டைன்னும் சொல்லல. கடைசியா ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "லண்டனுக்குப் போக வேணாம். நம்ம ஜில்லாவுலயே அரைப்படி நெல்லு கூடக் கேட்டவங்க இருந்தாங்க." அதோட நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கரும்பலகையைத் துடைச்சார்.

பதினாலு வயசுல எனக்கு அது புரியல. காலேஜ் போனப்புறம்தான் கீழ்வெண்மணி பத்திப் படிச்சேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்னிக்கிருந்த தஞ்சாவூர் ஜில்லாவுல, கூலித் தகராறு முத்தி, ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்ச 44 பேர் எரிஞ்சு செத்தாங்க. பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். அரைப்படி நெல் கூலி உயர்வு. 1952-லயே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த ஜில்லா இது. சட்டம் வந்து பதினாறு வருஷம் கழிச்சு நடந்தது. ஆலிவருக்குக் கரண்டி அடி, அஞ்சு பவுண்டு நோட்டீஸ். எங்க ஜில்லாவுல தீ.

அன்னிக்கு வகுப்புல நடந்ததைச் சொல்லணும். எல்லாருக்கும் விளங்கிடுச்சு. நாப்பது தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்புச்சு. அத்தனை பேர் முகத்துலயும் இரக்கம். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு டெஸ்க்கைச் சுரண்டிக்கிட்டு இருந்தான். முன்னாடி சிரிச்சப்பவாவது முறைச்சான். இப்ப எங்க இரக்கத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியாம உக்காந்திருந்தான். சாரும் அதைப் பார்த்திருக்கணும். பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டார்.

மறுநாள் நாடகம் மாதிரி வாசிக்கலாம்னு சொன்னார். ஆலிவரா வாசிக்க எங்க டப்பா கோஷ்டியில ஒருத்தனை எழுப்பினார். கடைசி பெஞ்சுப் பையனுக்குக் குடுத்தது மிஸ்டர் பம்பிள். அந்த ஒர்க்ஹவுஸ் சார்பா கோட்டும் தொப்பியுமா அதிகாரம் பண்ற ஆள். கதையில பின்னாடி ஒரு இடம் வரும். சவப்பெட்டிக்காரர் வீட்டுல ஆலிவர் கோவம் வந்து அடிதடியில இறங்கிடறான். பம்பிள் வந்து பார்த்துட்டு, இவனுக்குக் கிறுக்கு இல்லம்மா, நீங்க கறி போட்டதால வந்த கொழுப்பு, கஞ்சியோட நிறுத்தியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமாங்கற மாதிரி உபதேசம் பண்ணுவார். இங்கிலீஷை ஒரு தடவை தட்டுத் தடுமாறி வாசிச்சவனை, அதையே தமிழ்ல சொல்லுடான்னார் சார். அவ்வளவுதான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, வயித்தை முன்னாடி தள்ளிக்கிட்டு, எங்க பக்கத்துப் பண்ணைக் காரியஸ்தர் ஒருத்தர் பேசறதை அச்சு அசலா அப்படியே இறக்கினான் பாருங்க! வகுப்பு உருண்டு புரண்டு சிரிச்சுது. சார் மேஜையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அன்னிக்கு சாயந்திரத்துலேர்ந்து அவன் பேரு பம்பிள். ரெட்டை முட்டை ஒழிஞ்சுது.

நாவல் படிச்சா மனுஷனுக்கு மத்தவன் வலி புரியும்னு பேசறவங்களைக் கேட்டா எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதுக்குக் காரணம் டிக்கன்ஸேதான். பன்னெண்டு வயசுல அவங்கப்பா கடனுக்காக ஜெயிலுக்குப் போக, இவர் பூட்ஸ் பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டற வேலைக்குப் போனார். உயிரோட இருக்கறவரைக்கும் ஊருக்குச் சொல்லாத ரகசியம். 1870-ல அவர் செத்தப்புறம் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதின வாழ்க்கை வரலாறு வந்தப்பத்தான் வெளியில தெரிஞ்சுது. அந்தத் தொழிற்சாலையில இவருக்கு வயித்து வலி வந்தப்ப, காலி பாலிஷ் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி ஒத்தடம் குடுத்துப் பார்த்துக்கிட்ட பையன் பேரு பாப் ஃபேகின். நாவல்ல வர்ற திருட்டுக் கும்பல் தலைவன் பேரு? ஃபேகின். உபகாரம் பண்ணவன் பேரை எடுத்து வில்லனுக்கு வச்சிருக்கார். பட்டப்பேரு வச்ச குத்தத்துல நான் தனி ஆள் இல்லன்னு ஒரு அல்ப திருப்தி.

இன்னும் மோசமானது ஒண்ணு இருக்கு. 1857 அக்டோபர்ல, சிப்பாய்க் கலகச் சேதி லண்டனுக்குப் போனப்ப, தர்ம காரியங்கள்ல அவரோட கூட்டாளியா இருந்த ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதறார். தான் இந்தியாவுல தளபதியா இருந்தா அந்த இனத்தையே பூண்டோட ஒழிக்கப் பாடுபடுவேங்கற அர்த்தத்துல. ஆலிவருக்காக அழ வச்ச அதே கைதான். அவர் மகன் வால்டர் அந்த வருஷம்தான் பதினாறு வயசுல ராணுவ வேலைக்கு இங்க வந்தான். 1863 கடைசி நாள்ல கல்கத்தாவுல செத்துப்போனான்.

டிக்கன்ஸ் செத்து ஏழாவது வருஷம், தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் ராஜதானியில நிவாரண வேலைக்கு மண்ணு சுமக்கறவனுக்கு ஒருநாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு 1877-ல சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயம் பண்ணார். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்ல. அதே 1834 தத்துவம், கப்பல் ஏறி வந்திருக்கு. அந்த அதிகாரிகள்ல ஆலிவர் ட்விஸ்ட் படிக்காதவங்க ரொம்பப் பேர் இருந்திருப்பாங்களா? டாக்டர் கார்னிஷ்னு மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனர் ஒருத்தர், இது உயிரைத் தாங்காதுன்னு விடாம சண்டை போட்டு எழுதினார். சில மாசத்துல கூலி ஏறுச்சு. அவர் நாவலைக் காட்டிப் பேசல. முகாமுக்குப் போய் ஆளுங்க உடம்பைப் பார்த்துட்டுப் பேசினார்.

ஆனா டிக்கன்ஸையும் அப்படியே விட்டுட முடியாது. அந்த ஃபேகினை நாவல் முழுக்க 'யூதன்', 'யூதன்'னே குறிப்பிட்டிருப்பார். 1863-ல எலிசா டேவிஸ்னு ஒரு யூதப் பெண்மணி, டிக்கன்ஸ் வித்த வீட்டை வாங்கினவரோட மனைவி, அவருக்கே கடிதம் போட்டார். எங்க சனங்களுக்கு நீங்க பெரிய அநியாயம் பண்ணிட்டீங்கன்னு. முதல்ல சமாளிச்சுத்தான் பதில் போட்டார் மனுஷன். ஆனா 1864-ல ஆரம்பிச்ச அடுத்த நாவல்ல ரையாங்கற நல்ல யூதக் கிழவரைப் படைச்சார். 1867 பதிப்புல ஆலிவர் ட்விஸ்டோட பின்பகுதியில பல இடத்துல 'யூதன்'ங்கறதை அடிச்சு 'ஃபேகின்'னு திருத்தினார். முன்பகுதி அப்படியேதான் இருந்துச்சு. பாதி திருந்தினார்னு வச்சுக்கலாம். எனக்கு அந்த நாவல்லயே பிடிச்ச பகுதி, நாவலுக்கு வெளியில நடந்த இந்தக் கடிதம்தான். ஒருத்தி நேரா எழுதிக் கேட்டாள், அதனால நடந்தது.

சரி, தைப்பூசத்துக்கு வரேன். மேல வாசல் பக்கம் கூட்டத்துல "என்னாடா டப்பா!"ன்னு ஒரு குரல். பம்பிள்! தலை நரைச்சுடுச்சு, தொப்பை நிஜமாவே வந்துடுச்சு. அறுவடை மெஷின் வாடகைக்கு விடறானாம். குறுவை, சம்பான்னு ஓடிக்கிட்டே இருக்கானாம். டீக்கடையில உக்காந்தோம். கோட்டுப்போட்ட காரியஸ்தர் வசனத்தை அங்கயே ஒருதரம் சொல்லிக் காட்டினான், ஒரு வார்த்தை மறக்கல.

எனக்குத் தாங்கல. "டேய், அந்த ரெட்டை முட்டைன்னு பேரு வச்சது நான்தான்டா. தப்புடா"ன்னேன்.

"தெரியுமே. உன் குரல் தெரியாதா எனக்கு?" டீயை உறிஞ்சினான். "ஆனா ஒண்ணுடா, நான் ரெண்டாவது முட்டை கேக்கவே இல்ல. எனக்கு வந்தது கெட்டுப்போன முட்டைடா. உரிச்சா நாத்தம். மாத்திக் குடுங்க ஆயாம்மான்னுதான் கேட்டேன். அவங்க காதுல விழறதுக்குள்ள நீ கத்திட்ட."

"சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா?"

"சார் எங்கடா கேட்டாரு? நீங்களும் யாரும் கேக்கலையே. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தீங்க."

சாரே அப்படிச் சொல்லிக் குடுத்துட்டு, சாரே கேக்கலையான்னு எனக்குத் தோணுச்சு. அதை அவன்கிட்டச் சொல்லல. அவனுக்கு அந்த சாரை ரொம்பப் பிடிக்கும், அவர் காரியத்துக்குக் கூடப் போயிட்டு வந்தானாம்.

கிளம்பறப்ப, "அது சரி, அந்தப் பையன் கடைசியில என்ன ஆனான்?"னு கேட்டான். கதை முடியற வாரத்துல அவனுக்கு அறுப்பு வேலை, பள்ளிக்கூடம் வரலையாம். இன்னொரு டீ சொல்லிட்டு, ஆலிவர் லண்டனுக்கு நடந்து போறதுலேர்ந்து ஆரம்பிச்சேன்.